வாசலை அடைப்பவரின் கடமை

ஹஜ்ஜுக்குத் தேர்வானவர்களின் வீடுகளில் இஹ்ராம் துணியைப் போலவே தவறாமல் இடம்பெறும் ஒரு பொருள், தடுப்பூசி அட்டை. மெனிஞ்சைட்டிஸ் எனப்படும் மூளையுறைக் காய்ச்சலுக்கான ஊசி, போலியோ சொட்டு மருந்து, முதியவர்களாக இருப்பின் இன்ஃபுளுயன்சா ஊசி எனப் போட்டுக்கொண்டு, முத்திரையிட்ட அட்டையைக் கடவுச்சீட்டோடு சேர்த்து வைத்த பிறகுதான் பயணம் உறுதியாயிற்று என்று மனம் நம்புகிறது. அந்த அட்டையை நாம் வெறும் அலுவலகக் காகிதமாகவே பார்க்கிறோம். ஆனால் அதன் பின்னே ஏறத்தாழ 175 ஆண்டுகால வரலாறு இருக்கிறது. அவ்வரலாற்றில் ஹாஜிகளுக்கு முக்கியமான இடமும் இருக்கிறது.

கொரோனா பெருந்தொற்றுக்குப் பிறகு உலக நாடுகள் தம் பொதுச் சுகாதார விதிகளைத் திருத்தி எழுதிக்கொண்டிருக்கின்றன. ஜெனீவாவில் நடைபெறும் அந்தப் பேச்சுகளுக்கும் நம் வீட்டுக்கும் தொடர்பில்லை என்று எண்ணுவது இயல்பு. அந்த எண்ணம் தவறு என்பதையும், அத்திருத்தங்களை எந்த உரைகல்லில் உரசிப் பார்க்க வேண்டும் என்பதையும் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஹஜ் கப்பல்களும் ஐரோப்பாவின் அச்சமும்

நாடுகள் ஒன்றுகூடி நோய்த்தடுப்பைப் பற்றிப் பேசிய முதல் மாநாடு 1851-இல் பாரிஸ் நகரில் கூடியது. பன்னிரண்டு அரசுகள் கலந்துகொண்டன. காலரா, பிளேக், மஞ்சள் காய்ச்சல் ஆகிய நோய்கள் கப்பல் வழியே பரவாமல் தடுக்க வேண்டும். அதே வேளையில் துறைமுகத்துக்குத் துறைமுகம் மாறுபடும் தனிமைப்படுத்தல் விதிகளால் வணிகம் முடங்கிவிடவும் கூடாது. இந்த இரண்டு கவலைகளே அவர்களைக் கூட வைத்தன.

1865-ஆம் ஆண்டு ஹஜ்ஜின்போது மக்காவில் காலரா பரவியது. ஏறத்தாழ 15,000 ஹாஜிகள் இறந்ததாக மதிப்பிடப்படுகிறது. உயிர் தப்பியவர்களின் கப்பல்களோடு நோய் எகிப்தை அடைந்தது. அங்கிருந்து மத்தியதரைக் கடல் துறைமுகங்கள் வழியாக ஐரோப்பாவுக்குள் நுழைந்தது. மறு ஆண்டே இஸ்தான்புல்லில் அடுத்த மாநாடு கூடியது. இந்தியாவிலிருந்து புறப்படும் காலரா ஹாஜிகளோடு சேர்ந்து ஐரோப்பாவை எட்டாமல் எப்படித் தடுப்பது என்பதே அங்கு மையமான பேச்சு. 1869-இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டபின் அக்கவலை இன்னும் கூடியது. 1880-களின் தொடக்கத்தில் செங்கடலின் கமரான் தீவில் தனிமைப்படுத்தும் நிலையம் அமைந்தது. இந்தியாவிலிருந்தும் ஜாவாவிலிருந்தும் சென்ற ஹாஜிகள் அங்கே இறக்கப்பட்டு, நாட்கணக்கில் காத்திருந்த பிறகே ஜித்தா நோக்கிப் போக முடிந்தது. 1894-இல் பாரிஸில் கூடிய மாநாடு மக்கா பயணத்தின் சுகாதாரக் கட்டுப்பாட்டையே தனிப்பொருளாக எடுத்துக்கொண்டது. பம்பாயில் பிளேக் பரவியபோது, 1897-இல் பிரிட்டிஷ் இந்திய அரசு ஹஜ் பயணத்தை நிறுத்தி வைத்தது. உலக சுகாதார அமைப்பு உருவான பின், 1951-இல் அது வெளியிட்ட விதிகளிலும் ஹாஜிகளுக்கென்று தனி இணைப்பு ஒன்று இருந்தது. அது நீக்கப்பட்டது 1956-இல்தான்.

அந்த அச்சத்தில் நியாயமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. காலரா உண்மையானது, முதலில் இறந்தவர்களும் ஹாஜிகளே. கட்டுப்பாடுகள் உயிர்களைக் காத்திருக்கின்றன. ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். லண்டன் போன்ற ஐரோப்பிய நகரங்கள் கழிவுநீர்க் கால்வாய்களும் தூய குடிநீரும் அமைத்துத் தம் மக்களைக் காலராவிலிருந்து காத்துக்கொண்ட காலம் அது. வங்காளக் கிராமத்துக்கும் அதே தூய நீர் கிடைக்கச் செய்வது எப்படி என்ற கேள்வி அம்மாநாடுகளின் மையப் பொருளாகவில்லை. நோய் வெளியே வராமல் வாசலை அடைக்கும் கலையை உலகம் திறம்படக் கற்றுக்கொண்டது. அடைபட்ட வாசலுக்கு உள்ளே இருப்பவர்களுக்கு என்ன செய்வது என்பதை அது யோசிக்கவில்லை.

உள்ளே தங்கியவரின் தியாகம்

கொள்ளைநோய் பரவிய ஊருக்குள் செல்லாதீர்கள். நீங்கள் இருக்கும் ஊரில் அது பரவினால் அங்கிருந்து வெளியேறாதீர்கள் என்ற நபி (ஸல்) அவர்களின் வழிகாட்டுதலை நம்மில் அறியாதவர் இல்லை. ஊரடங்கு நாட்களில் எல்லா மேடைகளிலும் அது நினைவூட்டப்பட்டது. அதில் இரண்டு கட்டளைகள் இருப்பதையும், அவ்விரண்டின் சுமையும் சமமானதன்று என்பதையும் நாம் போதிய அளவு சிந்திக்கவில்லை. வெளியே நிற்பவர் இழப்பது ஒரு பயணத்தை. உள்ளே தங்குபவர் பணயம் வைப்பது தம் உயிரை.

அம்வாஸ் கொள்ளைநோயின்போது உமர் (ரலி) அவர்கள் ஷாம் எல்லையிலுள்ள ஸர்க் என்ற இடத்திலிருந்து திரும்பிவிட்டார்கள். விதியிலிருந்து ஓடுகிறீர்களா என்று அபூ உபைதா (ரலி) அவர்கள் கேட்டதும், இறைவனின் ஒரு விதியிலிருந்து அவனுடைய மற்றொரு விதியை நோக்கியே செல்கிறோம் என்ற பொருளில் உமர் (ரலி) பதிலளித்ததும் பலமுறை கேட்ட செய்தி. அதன் பிற்பகுதி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. மதீனாவுக்கு வந்துவிடுமாறு உமர் (ரலி) பின்னர் எழுதிய மடலுக்கு அபூ உபைதா (ரலி) இணங்கவில்லை. தம் படையினரை விட்டு நீங்க மனமின்றி அங்கேயே தங்கி, அதே நோயில் உயிர்நீத்தார்கள்.

மார்க்கத் தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை. ஒரு சாதாரண முஸ்லிமாக என் மனத்தில் எழும் கேள்வியை மட்டும் வைக்கிறேன். ஒருவர் பிறருடைய பாதுகாப்புக்காக உள்ளே தங்குகிறார் என்றால், வெளியே நின்று பாதுகாப்புப் பெற்றவர் அவருக்குக் கடன்பட்டவர் அல்லவா? மருந்தையும் உணவையும் அறிவையும் உள்ளே அனுப்புவது கருணைச் செயலா, கடனைத் திருப்பிச் செலுத்துவதா? உலக சுகாதாரச் சீர்திருத்தம் முழுவதையும் இந்த ஒரே கேள்வியால் அளந்துவிடலாம் என்று நம்புகிறேன்.

கொடுத்தவர்களுக்குக் கிடைத்தது

இக்கேள்வியை அண்மைக்காலத்தில் உரத்து எழுப்பிய நாடு இந்தோனேசியா. பறவைக் காய்ச்சல் அங்கே மனிதர்களைக் கொன்றுகொண்டிருந்தது. இறந்தவர்களின் உடலிலிருந்து எடுத்த வைரஸ் மாதிரிகளை அந்நாடு உலக சுகாதார அமைப்பின் ஆய்வகங்களுக்கு அனுப்பி வந்தது. அம்மாதிரியைக் கொண்டு வெளிநாட்டு நிறுவனம் ஒன்று தடுப்பூசி உருவாக்கியது. ஆபத்து வந்தால் அத்தடுப்பூசியை விலை கொடுத்து வாங்கும் வரிசையில் இந்தோனேசியா கடைசியில்தான் நிற்க வேண்டியிருக்கும். இதை உணர்ந்த அன்றைய சுகாதார அமைச்சர் சித்தி ஃபதிலா சுபாரி, 2007-இன் தொடக்கத்தில் மாதிரி அனுப்புவதை நிறுத்தினார். உலகின் பாதுகாப்பைப் பணயம் வைக்கிறார் என்று அவரைப் பலர் சாடினர். எனினும் அந்தப் பிடிவாதத்தின் பயனாகவே, மாதிரிகளைக் கொடுக்கும் நாடுகளுக்குத் தடுப்பூசியில் பங்கு உண்டு என்ற ஏற்பாட்டை உலக சுகாதாரப் பேரவை 2011-இல் நிறைவேற்றியது. ஆனால் அது பெருந்தொற்றாகக்கூடிய இன்ஃபுளுயன்சா வைரஸ்களுக்கு மட்டுமே பொருந்தும். 2020-இல் வந்ததோ கொரோனா வைரஸ்.

அதனால் பழைய கதையே திரும்பியது. ஏழை நாடுகளுக்குத் தடுப்பூசி சேர்ப்பதற்காக உருவான கோவாக்ஸ் திட்டம் 2021-ஆம் ஆண்டுக்குள் 200 கோடி ஊசிகளை வழங்க இலக்கு வைத்தது. 2022 ஜனவரி நடுவில்தான் 100 கோடியை எட்டியது. பணக்கார நாடுகள் தம் மக்கள்தொகையைப் போல் பல மடங்கு ஊசிகளை முன்கூட்டியே ஒப்பந்தம் செய்து வைத்திருந்தன. காப்புரிமையைத் தற்காலிகமாகத் தளர்த்துமாறு இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் 2020 அக்டோபரில் உலக வர்த்தக அமைப்பிடம் கேட்டன. 2022 ஜூனில் கிடைத்த முடிவு, கேட்டதில் ஒரு சிறு பகுதியே.

2021 நவம்பரில் ஒமைக்ரான் திரிபைக் கண்டறிந்து தாமதமின்றி உலகுக்கு அறிவித்தவர்கள் தென்னாப்பிரிக்க அறிவியலாளர்கள். விதிகள் கேட்பதும் அதைத்தான். அவர்களுக்குக் கிடைத்த பதில் என்ன? சில நாட்களுக்குள் தென்பகுதி ஆப்பிரிக்க நாடுகளின் விமானங்களுக்கு உலகின் பெரும்பகுதி கதவை மூடியது. உண்மை சொன்னவனைத் தண்டித்தால் அடுத்த முறை யார் வாய் திறப்பார்கள்?

நம் குடும்பங்களும் இதை வேறொரு வடிவில் அனுபவித்தன. விடுமுறைக்கு ஊர் வந்த வளைகுடாப் பணியாளர்களில் கோவாக்சின் போட்டுக்கொண்டவர்கள் வேலைக்குத் திரும்ப முடியாமல் தவித்தனர். சவூதி உள்ளிட்ட நாடுகளின் பட்டியலில் அது நெடுநாள் இடம்பெறவில்லை. உலக சுகாதார அமைப்பின் அவசரகால ஒப்புதல் அதற்கு 2021 நவம்பர் 3 அன்றுதான் கிடைத்தது. கோவிஷீல்டு போட்டவர்களுக்கும் முழு நிம்மதி இல்லை. அஸ்ட்ராசெனெகாவின் தடுப்பூசியையே புனேயில் தயாரித்து அந்தப் பெயரில் கொடுத்தார்கள். ஆயினும் இந்தியாவில் அதைப் போட்டுக்கொண்டவரைத் தடுப்பூசி போடாதவராகவே பிரிட்டன் சில காலம் நடத்தியது. ஊசியில் இருந்த மருந்து ஒன்றே. போடப்பட்ட ஊர்தான் வேறு.

இந்தியர் என்ற முறையில் நம் பக்கத்தையும் மறைக்காமல் பார்க்க வேண்டும். 2021 பிப்ரவரியில் கோவாக்ஸ் வழியே கானா நாட்டை அடைந்த முதல் தவணை புனேயில் தயாரானது. அதில் நாம் பெருமை கொண்டோம். இரண்டாம் அலை எழுந்தபோது ஏற்றுமதியை நிறுத்தினோம். நம் மருத்துவமனை வாசல்களில் மக்கள் மூச்சுக்குத் தவித்த நாட்களில் அம்முடிவைக் குறை கூறுவது எளிதன்று. ஆனால் அந்த ஊசிகளையே நம்பியிருந்த ஆப்பிரிக்க நாடுகள் பல மாதங்கள் வெறுங்கையோடு நின்றன. உலகுக்கே ஒரு சில தொழிற்சாலைகளை மட்டும் நம்பியிருக்கும் ஏற்பாடு எவ்வளவு பலவீனமானது என்பதற்கு இதுவே சான்று. அதே வேளையில் நமது செங்கல்பட்டில், பொதுத்துறை நிறுவனத்துக்காகப் பல நூறு கோடி ரூபாயில் கட்டிய தடுப்பூசி வளாகம் உற்பத்தியின்றிக் கிடந்தது.

ஜனாஸாவுக்கு வந்த சோதனை

இதுவரை சொன்னது நாடுகளுக்கிடையே உள்ள அநீதி. ஒரு நாட்டுக்குள்ளேயே நடப்பதும் உண்டு. அதற்கு இலங்கையைவிட வலி மிகுந்த சான்று நமக்கு வேண்டியதில்லை.

கொரோனாவால் இறந்தவரின் உடலை அடக்கம் செய்யலாம், எரிக்கவும் செய்யலாம் என்று உலக சுகாதார அமைப்பு 2020 மார்ச்சிலேயே வழிகாட்டியது. தொற்றுநோயால் இறந்தவரை எரித்தே ஆக வேண்டும் என்பது தவறான நம்பிக்கை என்றும் அது தெளிவுபடுத்தியது. இருந்தும் இலங்கை அரசு 2020 ஏப்ரலில் எரிப்பதைக் கட்டாயமாக்கியது. நிலத்தடி நீர் கெடும் என்று காரணம் கூறப்பட்டது. பிறந்து 20 நாட்களே ஆன குழந்தையின் உடலும் பெற்றோரின் சம்மதமின்றி எரிக்கப்பட்டது. கபன் துணியின் அடையாளமாக வெள்ளைத் துணித் துண்டுகளை கொழும்பு பொரளை மயானத்தின் வேலியில் கட்டி மக்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். பிற சமயத்தவரும் அதில் இணைந்தனர். ஐக்கிய நாடுகளின் மனித உரிமை வல்லுநர்களும் கண்டித்தனர். 2021 பிப்ரவரி இறுதியில்தான் அடக்கம் செய்ய அனுமதி கிடைத்தது. அதன்பின் தீவின் எல்லா மூலைகளிலிருந்தும் ஜனாஸாக்கள் மட்டக்களப்பு மாவட்டத்தின் ஓட்டமாவடிக்குக் கொண்டுசெல்லப்பட்டன. அரசு முறைப்படி மன்னிப்புக் கோர 2024 ஜூலை வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பன்னாட்டுச் சுகாதார விதிகளின் மூன்றாம் பிரிவு, அவ்விதிகளைச் செயல்படுத்தும்போது மனிதரின் கண்ணியமும் உரிமைகளும் முழுமையாக மதிக்கப்பட வேண்டும் என்கிறது. 196 நாடுகள் அவ்விதிகளுக்குக் கட்டுப்பட்டவை. இலங்கையும் அவற்றுள் ஒன்று. எனினும் அந்த வாசகத்தை மீறும் அரசைத் தட்டிக் கேட்கும் வலிமை எவருக்கும் இல்லை. வழிகாட்டுதல் ஜெனீவாவில் இருந்தது. ஜனாஸா எரியூட்டப்பட்டது கொழும்பில்.

அதே காலத்தில் தமிழகத்தில் முஸ்லிம் தன்னார்வலர்கள், உறவினரே நெருங்க அஞ்சிய உடல்களை, எச்சமயத்தவராயினும் அவரவர் முறைப்படி கண்ணியத்தோடு வழியனுப்பினார்கள். நோய்க்கு அஞ்சுவதும் மனிதரை மதிப்பதும் ஒருசேர இயலும் என்பதை அவர்கள் எந்தப் பன்னாட்டு விதியும் கட்டாயப்படுத்தாமலேயே காட்டினார்கள்.

புதிய விதிகள் என்ன சொல்கின்றன?

இனி சீர்திருத்தங்களுக்கு வருவோம். இரண்டு மாற்றங்கள் முக்கியமானவை. முதலாவது, 2024 ஜூனில் ஏற்கப்பட்டு 2025 செப்டம்பர் 19 முதல் நடைமுறைக்கு வந்த பன்னாட்டுச் சுகாதார விதிகளின் திருத்தம். இதில் ‘பெருந்தொற்று அவசரநிலை’ என்ற புதிய எச்சரிக்கை நிலை சேர்க்கப்பட்டது. சமநீதியும் ஒருமைப்பாடும் விதிகளின் அடிப்படைக் கொள்கைகளாக எழுதப்பட்டன. இரண்டாவது, 2025 மே 20 அன்று உலக சுகாதாரப் பேரவை ஏற்றுக்கொண்ட பெருந்தொற்று உடன்படிக்கை. முந்தைய நாள் நடந்த குழு வாக்கெடுப்பில் 124 நாடுகள் ஆதரித்தன, 11 நாடுகள் வாக்களிப்பிலிருந்து விலகின, எதிர்த்தவர் எவருமில்லை.

இந்த உடன்படிக்கையின் உயிர்நாடி அதன் பன்னிரண்டாம் பிரிவு. நோய்க்கிருமி மாதிரிகளையும் அவற்றின் மரபணுத் தகவலையும் நாடுகள் விரைந்து பகிர வேண்டும். அதற்கு ஈடாக, இந்த ஏற்பாட்டில் சேரும் நிறுவனங்கள் பெருந்தொற்றுக் காலத்தில் தம் தடுப்பூசி, மருந்து, பரிசோதனைக் கருவி உற்பத்தியில் 20 விழுக்காட்டை உலக சுகாதார அமைப்புக்குக் கிடைக்கச் செய்ய இலக்கு வைக்கிறது. அதில் குறைந்தது பாதி, அதாவது 10 விழுக்காடு, நன்கொடை. எஞ்சியது கட்டுப்படியான விலையில். இந்தோனேசியா எழுப்பிய கேள்விக்கு, காய்ச்சல் வைரஸ் என்ற எல்லையைக் கடந்து எழுதப்பட்ட முதல் பதில் இது. ஆனால் இதை நடைமுறைப்படுத்தும் இணைப்பு மட்டும் உடன்படிக்கை ஏற்கப்பட்டபோது முடிவாகவில்லை. அதை வகுத்து 2026-ஆம் ஆண்டுப் பேரவையின் முன் வைக்க வேண்டும் என்று தள்ளிவைத்தார்கள். அந்த இணைப்பு ஏற்கப்பட்ட பின்பே உடன்படிக்கை கையெழுத்துக்குத் திறக்கும். 60 நாடுகள் உறுதி செய்த பிறகே நடைமுறைக்கு வரும். வாசலை அடைக்கும் பகுதி விரைவில் முடிந்துவிடுகிறது. பகிர்ந்துகொள்ளும் பகுதி மட்டும் எப்போதும் பின்னால் வருகிறது.

இதற்கிடையே நம் வாட்ஸ்அப் குழுக்களில் வேறொரு கதை உலவுகிறது. இந்த உடன்படிக்கையால் உலக சுகாதார அமைப்பு நம் நாட்டையே ஆளப்போகிறது, கட்டாய ஊசி போடப்போகிறது, ஊரடங்கை அறிவிக்கப்போகிறது என்பது அக்கதை. ஊரடங்கு, கட்டாயத் தடுப்பூசி, பயணத் தடை ஆகியவற்றை எந்த நாட்டின் மீதும் விதிக்கும் அதிகாரம் அவ்வமைப்புக்கு இல்லை என்று உடன்படிக்கையின் வாசகமே தெளிவாகக் கூறுகிறது. உண்மையான குறை இதற்கு நேர்மாறானது. அவ்வமைப்பின் வருமானத்தில் உறுப்பு நாடுகள் கட்டாயமாகச் செலுத்தும் சந்தா ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே இருந்து வந்துள்ளது. எஞ்சியவை விருப்ப நன்கொடைகள். அவற்றில் பெரும்பகுதி கொடுப்பவர் குறிப்பிடும் பணிக்கே செலவிடப்பட வேண்டியவை. மிகப்பெரிய நன்கொடையாளரான அமெரிக்கா 2025 ஜனவரியில் விலகல் அறிவித்ததும், 2026-27-க்குத் திட்டமிட்டிருந்த 530 கோடி டாலர் வரவு செலவு 420 கோடி டாலராகச் சுருங்கியது. நாம் அஞ்ச வேண்டியது அதன் அதிகாரத்தைக் கண்டு அன்று. இலங்கையிலும் தென்னாப்பிரிக்காவிலும் நாம் கண்ட அதன் இயலாமையைக் கண்டுதான்.

நாம் கேட்க வேண்டியவை

மூன்று கோரிக்கைகளை நம் மக்களவை உறுப்பினர்களிடமும் சமுதாய அமைப்புகளிடமும் வைக்கலாம். முதலாவது, மாதிரியைக் கொடுக்கும் நாட்டுக்கு மருந்தில் உரிய பங்கு சட்டப்படி உறுதியாக வேண்டும். தடுப்பூசித் தயாரிப்பில் உலகின் முன்னணி நாடுகளில் ஒன்றான இந்தியா, இந்தப் பேச்சில் வாங்கும் நாடுகளின் பக்கம் நிற்கிறதா, விற்கும் நிறுவனங்களின் பக்கம் நிற்கிறதா என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. இரண்டாவது, நோயை முதலில் அறிவிக்கும் நாட்டுக்குத் தடை விதிப்பவர்கள், அத்தடையோடு சேர்த்து உதவியையும் அனுப்பியாக வேண்டும். மூன்றாவது, இறந்தவரின் கண்ணியத்தையும் சிறுபான்மையினரின் உரிமையையும் மீறும் அரசு பன்னாட்டு அவையின் முன் விளக்கமளிக்கும் நிலை உருவாக வேண்டும்.

நம் பங்கும் இருக்கிறது. ஆதாரமற்ற செய்தியைப் பரப்பாமல் நிறுத்துவது அதில் முதல் படி. ஜுமுஆ மேடைகளில் கொள்ளைநோய் பற்றிய நபிமொழி சொல்லப்படும்போது, அதன் இரண்டாம் பாதியையும், அபூ உபைதா (ரலி) அவர்களின் முடிவையும் சேர்த்துச் சொல்வது இன்னொன்று.

அடுத்த ஹஜ்ஜுக்குச் செல்பவர் தடுப்பூசி அட்டையைப் பையில் வைக்கும்போது, கமரான் தீவின் வெயிலில் காத்திருந்த நம் முன்னோரை ஒரு கணம் நினைத்துக்கொள்ளட்டும். அவர்களிடம் உலகம் கேட்டது கீழ்ப்படிதலை மட்டுமே. அடுத்த நோய் எந்த ஊரிலிருந்து புறப்படும் என்பதை அல்லாஹ்வே அறிவான். அது நம் ஊராகவும் இருக்கலாம். அன்று வாசலுக்கு உள்ளே இருப்பவர்கள் நாமாகவே இருப்போம்.